தனிநாயகம் அடிகளும் எங்கள் தீவு நிலமும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், சரவணையிலுள்ள எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு, அயலிலுள்ள கமக்காரர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அப்பிள்ளை என்னிடம் தமிழ் படித்தவள். உயர்தரப் பரீட்சையிலே நல்ல சித்தி எய்தி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு, சுற்றாடலையும் அதன் நிலைபேற்றையும் பற்றிக் கற்கவேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. வெளியையும் தரவையையும் கடலையும் பற்றிப் படிப்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமோ, அவற்றைத் தாம் ஐம்பது வருடங்களாகக் காசு கொடாமலே கண்டுகொண்டிருக்கவில்லையோ என்பது அவர் கேள்வி. ஆங்கிலமோ பொருளியலோ படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பண்டிதர் சொன்னாற் பிள்ளை கேட்கும் என்ற நம்பிக்கையோடு என்னிடம் நியாயம் கேட்க வந்திருந்தார்.

நியாயம் சொல்லும் தகுதி எனக்கில்லை என்பது அவளுக்கும் எனக்கும் மாத்திரமே தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், வகுப்பிலே ஐந்திணைப் பாகுபாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். முதல், கரு, உரி என மூன்று நிரல். குறிஞ்சி தொடங்கி நெய்தல் ஈறாக ஐந்து வரி. தெய்வம், உணவு, மரம், புள், பறை எல்லாம் உரிய கட்டங்களில் அடங்கின. முப்பது வருடங்களாக எழுதிய அட்டவணை ஆதலால் பார்க்காமலே எழுதவல்லேன். அப்பிள்ளை எழுந்து, எங்கள் சரவணை எந்தத் திணையைச் சேர்ந்தது என்று வினவினாள். கடல் சூழ்ந்த ஊர் ஆதலின் நெய்தல் என்றேன். அப்படியாயின் மாரியில் நெல் விளையும் வெளி எது, மாடு மேயும் தரவை எது, பங்குனி சித்திரையிலே காலை வைக்க முடியாமற் கொதிக்கும் கலட்டி எது என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். பரீட்சைக்கு வராத கேள்வி என்று கூறி அவளை இருத்திவிட்டேன். வகுப்பறை யன்னலுக்கு வெளியே தரவை தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது அவளுக்காக அல்ல, எனக்காகவே ஒரு கதையை அன்று மாலை சொன்னேன். அவள் கேட்ட கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஒருவர் எங்கள் தீவிலேயே பிறந்திருக்கிறார். உலகத் தமிழ் மாநாடுகளைத் தோற்றுவித்தவர் என்று அவரை எல்லோரும் அறிவர். நிலத்தைப் பற்றி அவர் படித்த படிப்பை அறிந்தவர் சிலரே.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே பிறந்தார். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்த கணபதிப்பிள்ளை ஸ்ரனிஸ்லாஸ். தாயார் கரம்பனைச் சேர்ந்த செசீலியா இராசம்மா. தனிநாயகம் என்பது முன்னோர் ஒருவரின் பெயர். அதனைப் பின்னாளிலே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். கரம்பனும் சரவணையும் ஒரே தீவின் ஊர்கள். காற்று எதிர்க்காத நாளிலே சைக்கிளிற் புறப்பட்டால் களைக்குமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்த காலத்தில் இதனை லெய்டன் என்றனர். காரைநகரை அம்ஸ்ரடாம் என்றனர். நெடுந்தீவை டெல்ப்ட் என்றனர். ஊரவர் வாயில் அவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை. கந்தோர்க் கடிதங்களிலே டெல்ப்ட் மாத்திரம் இன்றும் உயிரோடிருக்கிறது.

இத்தீவிலே பிறந்த பிள்ளை ஒன்று எதைக் காணாமல் வளர்கிறது என்பதை முதலிற் சொல்லவேண்டும். அது மலையைக் காண்பதில்லை. ஆற்றைக் காண்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலுமே மலை என்று சொல்ல ஒன்றில்லை. கீரிமலைக்குப் பெயரில்தான் மலை உண்டு. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. அதுவும் எங்கள் தீவிலன்று. ஆகவே குறிஞ்சி என்றும், பொய்யா யாறு பாயும் மருதம் என்றும் நாங்கள் படிப்பனவெல்லாம் சொற்களாகவே மனத்திற் பதிகின்றன. சொல்லைச் சொல்லாகவே நெட்டுருப்பண்ணும் பழக்கம் எங்கள் பண்டிதர் பரம்பரைக்கு இவ்வளவு எளிதாக வாய்த்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அடிகள் 1920 முதல் 1922 வரை ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பாடசாலையிலும், 1923 முதல் 1930 வரை யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். துறவு பூணும் எண்ணத்தோடு கொழும்புப் புனித பெர்னாட் குருமடத்திலே மெய்யியல் படித்து, 1934இல் உரோமாபுரி சென்றார். 1938இல் குருவானார். கார்த்தேஜ் நகரத்துப் பழைய குருமாரைப் பற்றி ஆராய்ந்து இறையியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இத்தாலிய மொழியிலும் இலத்தீனிலும் நல்ல பயிற்சி உண்டாயிற்று. உழவையும் கொடிமுந்திரியையும் கால்நடையையும் தேனீயையும் நான்கு பகுதிகளாக வகுத்துப் பாடிய வெர்ஜில் என்னும் உரோமப் புலவர் பின்னாளில் அடிகளின் ஆய்விலே எங்கள் கபிலரோடு ஒரே பந்தியில் அமர்ந்ததற்கு வித்து இக்காலத்திலே இடப்பட்டது போலும்.

ஆயின் தமிழ்? இவ்விடத்தில் ஊர்ப் பெருமை பேசுவோர் சற்றே தயங்குவர். ஆங்கில வழிக் கல்வி பெற்ற அடிகளுக்கு இருபத்தேழு வயதிலே தமிழ் இலக்கியப் பயிற்சி மிகக் குறைவு. 1940இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரிலுள்ள புனித தெரேசா பள்ளியிலே துணைத் தலைமையாசிரியராகச் சேர்ந்தார். அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம், பிள்ளைகள் படிக்கும் பாடத்திலிருந்து தொடங்கித் தமிழ் கற்றார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், தாம் பணியாற்றும் பள்ளியிலேயே மாணவர் அறிய மாணவராவது எளிய காரியமன்று. எனக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாது என்பதை என் மாணவருக்கு மறைக்கவே நான் எத்தனையோ வருடம் பாடுபட்டிருக்கிறேன்.

வடக்கன்குளம் எத்தகைய இடம் என்பது கருதத்தக்கது. மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி முகில் சூடி நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி ஆடியில் நிற்கவிடாமல் அடிக்கும். மலையடியிலே குளத்துப் பாய்ச்சலில் நெல், சற்று விலகினால் முள்மரங்கள் நிற்கும் புன்செய், கிழக்கே திசையன்விளைப் பக்கம் போனால் காற்றுக் குவித்த செம்மணற்றேரி, அதற்கப்பால் கடல். ஒரு நாள் நடைக்குள் ஐந்து நிலமும் அடங்கிவிடும். மலையே காணாத தீவில் வளர்ந்த ஒருவர், சங்கச் செய்யுளை முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில், கண்ணெதிரே இந்த நிலம் கிடந்தது. எங்களைப் போல் முதலில் அட்டவணையைப் படித்து, நிலத்தைக் காணாமலே ஓய்வு பெறும் விதி அவருக்கு வாய்க்கவில்லை.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவராகச் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டு. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலம் அது. தம்மினும் பத்து வயது இளையவரோடு ஒரே வாங்கிலே வெண்ணிற அங்கி தரித்த குரு அமர்ந்திருக்கும் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முதுகலைப் பட்டத்தோடு அவர் நின்றிருக்கலாம். மேலும் படித்து, பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பதை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். நான்காண்டுகளில் அது நிறைவேறியது.

அண்ணாமலைநகரும் அவருக்கு ஒரு பாடநூல்தான். கொள்ளிடத்தின் வண்டலிலே வாய்க்காலும் வயலுமாய் மருதம் நாற்புறமும் பரந்திருக்கிறது. கிழக்கே சில கல் தொலைவிலே பிச்சாவரத்து உப்பங்கழியில் கண்டலும் தில்லையும் அடர்ந்த காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் கழிக்கரையிலே வளரும் மரம். அம்மரம் ஊருக்குள்ளே அருகி, கழிமுகத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பெயர் நிலைத்து மரம் போன ஊர்கள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் இந்தப் பத்தி போதாது.

அடிகளின் ஆராய்ச்சி சொல்லும் பொருளை, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல நாள் முயன்று நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே கூறுவேன். எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்து 2381 செய்யுள் என்று கணக்கிடுவர். இவற்றைப் பாடிய புலவர்கள் மலையையும் காட்டையும் வயலையும் கடற்கரையையும் தனித்தனியே வருணிக்கப் புகவில்லை; மாந்தர் உணர்ச்சிக்குப் பின்னணியாக அவற்றை நிறுத்தினர். ஆயின் அப்பின்னணி புனைந்துரையன்று. தினை விளையும் மண்ணில் நெல்லையும், நெல் விளையும் மண்ணிற் குறிஞ்சியையும் அவர்கள் வைக்கவில்லை. இன்ன மண்ணில் இன்ன மரம், இன்ன மரத்தில் இன்ன புள், அங்கு வாழ்வார்க்கு இன்ன தொழில், அத்தொழிலுக்கு ஏற்ப இன்ன வாழ்க்கை, அவ்வாழ்க்கையில் இன்ன உணர்ச்சி என ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் தொடர்பை அவர்கள் கண்டிருந்தனர். திணை என்ற பாகுபாடு இலக்கணகாரர் அறையில் இருந்து செய்ததன்று; தமிழ் நிலத்தின் அமைப்பிலிருந்து எழுந்தது. கிரேக்கத்து ஆயர் பாட்டையும், வெர்ஜிலையும், வடமொழிக் காவியங்களையும் எடுத்து ஒப்புநோக்கி, மண்ணோடு மனத்தை இவ்வளவு இறுகப் பிணைத்த மரபு தமிழில் தனித்து நிற்கும் தன்மையை அவர் விளக்கினார்.

இதனை அவரே முதன்முதலில் கண்டார் என்று நான் சொல்லவரவில்லை. பி. தி. சீனிவாச ஐயங்கார் 1929இல் வெளியிட்ட தமிழர் வரலாற்றிலே ஐந்நில வாழ்க்கையை மக்கள் வளர்ச்சியின் படிகளாகக் கண்டு எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் ஜெர்மானியராகிய இராட்செலும், பிரான்சியராகிய விடால் டி லா பிளாஷும் நிலத்துக்கும் அதில் வாழ்வார் தொழிலுக்கும் உள்ள உறவை ஒரு தனிக் கல்வித் துறையாகவே வளர்த்திருந்தனர். எங்கள் தந்தையார் காலத்துப் பள்ளிகளில் பூமிசாத்திரம் என்ற பெயரில் நாடுகளின் தலைநகரங்களையும் ஆறுகளின் நீளங்களையும் ஒப்புவிக்கச் சொன்னார்களே, அது வேறு. இத்துறை மண்ணைப் பார்த்து மனிதனை அறியும் துறை. அடிகள் செய்தது என்னவெனில், பண்டிதர் கையில் இருந்த திணையையும் நிலநூலார் கையில் இருந்த இந்நோக்கையும் ஒரு பல்கலைக்கழக ஆய்விலே சந்திக்க வைத்தமை.

முதல், கரு, உரி என்ற வைப்பு முறையை எண்ணிப் பாருங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலத்திலே தோன்றுவன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். நிலத்துக்கு முதல் என்று பெயரிட்டவர் அதனை வெறுமனே இடவில்லை. ஐங்குறுநூற்றிலே ஐந்து புலவர் ஐந்து திணையைப் பங்கிட்டு, ஆளுக்கு நூறாகப் பாடினர். நெய்தல் அம்மூவனாருக்கு, குறிஞ்சி கபிலருக்கு. அடும்பும் புன்னையும் ஞாழலும் தாழையும் அம்மூவனாருக்குக் கண்ணறிந்த பொருள்கள். நான் பண்டிதர் பரீட்சைக்கு இவற்றின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கினேன். அடும்பு என்று ஏட்டிற் படித்தது, எங்கள் சாட்டிக் கடற்கரை மணலிற் படர்ந்து ஊதாப் பூப் பூக்கும் அடம்பன் கொடிதான் என்பதை அறிந்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பழமொழியிலே அடம்பன் கொடியைத் திரட்டித் திரட்டி மேடைகளிற் பேசியவன் நான். அந்தக் கொடி வேரோடி மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்லித்தர எனக்கு ஓர் ஆசிரியர் இருக்கவில்லை.

அடிகளின் ஆய்வு 1950களின் தொடக்கத்தில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அக்கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. திருத்தி விரித்த பதிப்பு, நிலத்தோற்றமும் கவிதையும் என்று பொருள்படும் தலைப்பில் 1966இல் வெளிவந்தது. இரண்டும் ஆங்கிலம். உலகம் அறியவேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதினார், உலகமும் அறிந்தது. ஆனால் ஐந்திணையை ஆண்டுதோறும் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கும் எங்கள் போன்ற வாத்திமார் கைக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. இது அவர்மேல் எனக்குள்ள குறை. அவருடைய மற்றைப் பணிகள் அவருக்கு இன்னும் பத்து ஆண்டுகள் ஓய்வு தந்திருந்தால், தமிழிலே தாமே எழுதியிருப்பார் என்று நினைத்து ஆறுதலடைகிறேன்.

அப்பணிகளை இங்கே விரிக்கவேண்டுவதில்லை, பலர் எழுதியுள்ளனர். 1952இல் தமிழ்ப் பண்பாட்டை உலகுக்கு உரைக்கும் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டிலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். இடையே இலண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைக்குத் தலைவர். வத்திக்கான் நூலகத்திலே கிடந்த, 1679இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை மீண்டும் உலகு காண அச்சேற்றினார். 1964 ஜனவரியில் டில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று மாநாடுகள் நடந்தன. நான்காவது மாநாடு 1974 ஜனவரியிலே யாழ்ப்பாணத்தில் நடந்தது. எங்கள் தந்தையார் வேலணைச் சந்தியில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் கடந்து அதற்குப் போனார். 10ஆம் திகதி இறுதி நாட் கூட்டத்திலே உயிர்கள் பறிபோனதை, அவர் இறக்கும்வரை குரல் தாழ்த்தியே சொல்வார். அடிகள் 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே மறைந்தார். அப்போது நான் பாலபாடம் முடித்த சிறுவன்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடவேண்டும். அடிகள் படித்தது புலவர் கண்ட நிலத்தை. அந்நிலம் இரண்டாயிரம் வருடங்களுக்கு முற்பட்டது. இன்றைய நிலம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சங்கச் செய்யுள் சொல்லாது. ஆனாலும் அதற்கு ஒரு வாயிலை அம்மரபே திறந்து வைத்திருக்கிறது. தொல்காப்பியர் பாலைக்கென ஒரு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டுத் திரிந்து பாலையாகும் என்பதை இளங்கோவடிகள் காட்டினார். அஃதாவது பாலை என்பது நிலத்துக்கு நேரும் ஒரு நோய். நல்ல நிலம் கெடும், கெட்டால் வேறொன்றாகும். நிலைபேறு என்று இக்காலத்தார் புதிதாக வழங்கும் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஒன்று வேண்டுமாயின் பாலை என்று நான் சொல்வேன்.

முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலையாகும் என்றார்கள். நெய்தல் திரிந்தால் என்னவாகும்? நான் கற்ற உரைகளில் இதற்கு விடை காணவில்லை. எங்கள் கிணறுகளிலே கண்டேன்.

எங்கள் தீவு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மழைதான் எங்களுக்கு ஆறும் குளமும் மலையருவியும். அது மணலிலும் கல்லிடுக்கிலும் இறங்கி, கீழே பரந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நல்ல நீர் சற்றே இலேசானது. உவர்நீர் சற்றே கனமானது. அந்தச் சிறு வேறுபாடுதான் எங்களை உயிரோடு வைத்திருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நல்ல நீர் நிற்கும் என்று நிலநீர் நூலார் கணித்திருக்கின்றனர். இதனை முதலிற் கண்டவருள் ஒருவர் ஒல்லாந்தர். எங்கள் தீவுக்கு லெய்டன் என்று பெயரிட்டவர்களின் நாட்டவர். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு பகீரென்கிறது: மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர் நாற்பதடி ஏறி வரும்.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதன் கை களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் மழைநீரைத் தாங்கி வைத்திருந்த மணற்கும்பிகளை அள்ளி விற்றோர் உண்டு. தூர்ந்த குளமும் கேணியும் மாரி வெள்ளத்தை நிலத்துக்குள் அனுப்பாமல் கடலுக்கு அனுப்புகின்றன. 1990இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக வெளியேறியபோது நாங்களும் போனோம். திரும்பி வந்தபோது வளவெல்லாம் பற்றை, தூர்வாராத கிணறுகள், எந்தக் கிணறு தண்ணீர் குடிக்க உகந்தது என்று தெரிந்திருந்த முதியோர் பாதிப்பேர் எங்கெங்கோ அந்நிய நாடுகளிற் கண்மூடிவிட்டனர். நிலத்தைப் பற்றிய அறிவு அவர்கள் வாயிலே இருந்தது. பூவல் எங்கே தோண்டலாம், எந்தத் தரவையில் எந்த மாதம் மாடு விடலாம், எந்தப் புலத்தில் நெல், எந்தக் கலட்டியில் ஒன்றும் வைக்கலாகாது என்பதெல்லாம் ஏட்டில் எழுதப்படவில்லை. தரவை, கலட்டி, வெளி, புலம், பூவல் என்ற சொற்களை அடுக்கிப் பார்த்தால், தொல்காப்பியர் வகுத்ததிலும் நுணுக்கமாக எங்கள் ஊரவர் தங்கள் நிலத்தை வகுத்திருந்தனர் என்பது விளங்கும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. கமக்காரர் அடிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம் தோட்டக் கிணறு ஐந்து வருடங்களாக உவர்த்துவிட்டது என்றும், வெங்காயம் வைப்பதை விட்டுவிட்டார் என்றும், அது தம் ஊழ்வினை என்றே எண்ணியிருந்ததாகவும் சொன்னார். உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராகுமா என்று கேட்டார். நான் அவர் மகளைப் பார்த்தேன். இறைப்பைக் குறைத்து, கேணியைத் தூர்வாரி, நாலைந்து மாரி வெள்ளத்தை நிலத்தில் தங்கவிட்டால் உவர் கீழே இறங்கக்கூடும். எவ்வளவு காலம் செல்லும் என்பது கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். அதற்கு ஒவ்வொரு கிணற்றையும் வருடக்கணக்காக அளந்து பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றாள். தகப்பனார் அதற்குமேல் நியாயம் கேட்கவில்லை. படலையைச் சாத்திக்கொண்டு இருவரும் போயினர்.

அவள் இப்போது பல்கலைக்கழகத்திலே முதலாம் வருடம். சென்ற மாதம் விடுமுறையில் வந்தபோது, அளவு நாடாவில் ஒரு கல்லைக் கட்டி எங்கள் வளவுக் கிணற்றிலே இறக்கி, கட்டிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து குறித்துக்கொண்டாள். மாரிக்கு முன்னும் பின்னும் அளக்கவேண்டுமாம். தான் இல்லாத நாட்களில் யாராவது வாரந்தோறும் குறித்து வைத்தால் நன்று என்றாள். எந்த நாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்று சொல்லி, நாடாவை என் கையிலே தந்துவிட்டுப் போனாள். பண்டிதர் பரீட்சைக்காக ஐந்திணையை எழுதிப் பாடமாக்கிய பழைய கொப்பியின் பின்பக்கத்தில் சில தாள்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றிற் கோடு போட்டுத் திகதியும் அளவும் எழுதி வருகிறேன். இதுவரை நான்கு வெள்ளி ஆயிற்று. நீர் ஒவ்வொரு வெள்ளியும் சற்றே இறங்கிக்கொண்டிருக்கிறது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.